குழாய்க்குப் பின்னால் இருக்கும் "யாரோ": தண்ணீரையும் சமூகத்தையும் பள்ளியில் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வகுப்பில் எல்லோருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நீங்கள் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் மலை, மேகம், மழை, ஆறு, கடல் என்று வரைந்து அம்புக்குறி போட்டு முடித்துவிடுவார்கள். பாடப்புத்தகத்தில் பார்த்த படம் அது. மீதிப் பேர் குழாயை வரைவார்கள். என்னிடம் படித்த ஒரு சிறுமி குழாயை அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள். கைப்பிடியில் ஏறியிருந்த துருவைக்கூட விடவில்லை. குழாய்க்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் தாள். "இங்கே என்ன இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியல டீச்சர். ஆனா யாரோ திறந்து விடுவாங்க" என்றாள்.

அந்த "யாரோ"வைத் தேடிப் போவதுதான் இந்தப் பாடம். யார் திறந்து விடுகிறார்கள், யாருக்கு முதலில் வருகிறது, யாருக்கு வராமல் போகிறது, வராத வீட்டில் யார் சுமக்கிறார்கள், இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலான பள்ளிகளில் தண்ணீர் இரண்டு இடங்களில்தான் வரும். அறிவியலில் நீர்ச்சுழற்சியாக ஒருமுறை, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று "தண்ணீரைச் சேமிப்போம்" சார்ட்டாக இன்னொருமுறை. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் முதலாவதில் மனிதர்களே இல்லை. இரண்டாவதில் பல் தேய்க்கும்போது குழாயை மூடாத குழந்தை மட்டும்தான் குற்றவாளி. நடுவில் இருக்கும் சமூகம் முழுக்க விடுபட்டுப் போகிறது.

கீழே சொல்வதை முழுதாகச் செய்ய 40 நிமிடப் பாடவேளைகள் பன்னிரண்டு வரை வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில் பரப்பிக்கொள்ளலாம். 11 முதல் 15 வயது மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சின்ன வகுப்புகளுக்கு முதல் மூன்று படிகளும் ஏழாவது படியும் போதும்.

தொடங்கும் முன்: ஆசிரியரின் வீட்டுப்பாடம்

முதலில் உங்கள் பள்ளித் தண்ணீரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். மோட்டார் போடுபவரிடம் பேசுங்கள். எத்தனை மணிக்குப் போடுகிறார், தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும், கடைசியாக எப்போது கழுவினார்கள், கோடையில் என்ன செய்கிறார்கள்? கழிப்பறையைச் சுத்தம் செய்பவரிடமும் பேசுங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்த நேரத்தில் தீர்ந்துபோகும் என்பது தலைமை ஆசிரியரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர்க் கட்டண ரசீது இருந்தால் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகிறதா, பொதுச் சாக்கடைக்குப் போகிறதா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு பேரையும் வகுப்புக்கு அழைக்க முடியுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். அழைத்தால் ஆசிரியருக்குரிய மரியாதையோடு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். மாணவர்கள் அதையும் கவனிப்பார்கள்.

படி 1: முதல் படம்

மேலே சொன்ன படத்தை வரையச் சொல்லுங்கள். எந்தக் குறிப்பும் கொடுக்காதீர்கள், திருத்தாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். தேதி எழுதி வாங்கி, ஒரு உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். கடைசியில் அது தேவைப்படும்.

அப்புறம் பாடப்புத்தகத்தின் நீர்ச்சுழற்சிப் படத்தைத் திறக்கச் சொல்லி, "இதில் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள், எண்ணுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். 2019-இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு 12 நாடுகளிலிருந்து 450-க்கும் மேற்பட்ட நீர்ச்சுழற்சிப் படங்களை எடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய 85 சதவீதப் படங்களில் மனிதர்களின் தலையீடு எதுவுமே இல்லை. அணை இல்லை, வயல் இல்லை, தொழிற்சாலை இல்லை, நகரம் இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 2022-இல் தன் பழைய படத்தை மாற்றி, பாசனம், நகர்ப்புறப் பயன்பாடு, நிலத்தடி நீர் உறிஞ்சல் எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய படம் வெளியிட்டது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்னென்ன கூடியிருக்கிறது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். புத்தகத்தில் அச்சாகியிருக்கும் படமும் யாரோ எடுத்த முடிவுதான், அதை மாற்ற முடியும் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி.

படி 2: குழாயிலிருந்து பின்னோக்கி நடப்பது

வகுப்பை வெளியே அழைத்துப் போங்கள். ஒரு குழாயில் தொடங்கி, பைப் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்கட்டும். சுவர், மாடி, தொட்டி, மோட்டார், தரைத்தொட்டி, மெயின் லைன் அல்லது போர்வெல் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் நின்று இரண்டே கேள்விகள். இங்கே யார் வேலை செய்கிறார்கள்? இங்கே தண்ணீரை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

பள்ளி எல்லையைத் தாண்டிய பகுதியை வரைபடத்தில் தொடரலாம். நீரேற்று நிலையம், சுத்திகரிப்பு நிலையம், ஏரி அல்லது ஆறு, அதற்கும் மேலே மழை விழும் நிலம். முடிந்தால் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கே அழைத்துப் போகலாம். முடியாவிட்டாலும் குறையில்லை. மோட்டார் ஆபரேட்டரோடு பேசும் இருபது நிமிடம் எனக்கு எப்போதும் அதைவிடப் பயனுள்ளதாக இருந்திருக்கிறது.

படி 3: அளந்து பார்ப்பது

லிட்டர் என்ற சொல் மாணவர்களுக்குத் தெரியும். அதன் கனம் தெரியாது. ஒரு லிட்டர் ஒரு கிலோ, இருபது லிட்டர் குடுவை இருபது கிலோ. இதைச் சொல்லிவிட்டு, 5 லிட்டர் கேனை ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொன்னால் போதும். வளரும் பிள்ளைகளைப் பெரிய பாரம் சுமக்க வைக்க வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பில் தினமும் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் பிள்ளை இருக்கலாம். அவள் வாழ்க்கையை மற்றவர்கள் விளையாட்டாகச் செய்து பார்ப்பது அவளுக்கு வலிக்கும். அவள் தானாகப் பேச முன்வந்தால் மட்டும் பேசட்டும்.

அளவுகளுக்கு மூன்று சோதனைகள். குழாயைத் திறந்து பத்து விநாடி வாளியில் பிடித்து அளந்து, ஆறால் பெருக்கச் சொல்லுங்கள். 1.5 லிட்டர் பிடித்தால் நிமிடத்துக்கு 9 லிட்டர். அடுத்து, சொட்டும் குழாய் ஒன்றைத் தேடுங்கள், எந்தப் பள்ளியிலும் ஒன்று கிடைக்கும். அதன் அடியில் ஐந்து நிமிடம் ஒரு சிறிய கோப்பை. 50 மில்லி நிறைந்தால் ஒரு நாளில் 14.4 லிட்டர், ஒரு வருடத்தில் 5,256 லிட்டர். இந்தக் கணக்கை அவர்களே போட வேண்டும். கரும்பலகையில் நீங்கள் போட்டுக் காட்டினால் பாதி பலன் போய்விடும். மூன்றாவது, பள்ளியில் மீட்டர் இருந்தால் தினமும் காலையிலும் மாலையிலும் அளவு குறிக்க இரண்டு பேரை நியமியுங்கள். பள்ளி மூடியிருக்கும் இரவிலும் மீட்டர் ஓடியிருந்தால் எங்கேயோ கசிவு என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு வரவுசெலவு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் மூன்றாண்டு வறட்சிக்குப் பிறகு, 2018 பிப்ரவரி 1 முதல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு விதித்தது. குழாய்களை அடைத்துவிட்டு வரிசையில் நின்று வாங்கும் நாளை "பூஜ்ய நாள்" என்று நகர நிர்வாகம் அறிவித்தது, மக்கள் காத்திருந்தார்கள். பயன்பாடு பாதியாகக் குறைந்தது, மழையும் வந்தது, அந்த நாள் வரவேயில்லை. "உங்களுக்கும் இன்று 50 லிட்டர்தான். குளியல், குடிநீர், சமையல், துணி, கழிப்பறை, எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். ஒருமுறை பிளஷ் செய்தால் 6 லிட்டர் போகும் என்பது தெரிந்ததும் பட்டியலை அடித்துத் திருத்துவார்கள். எல்லாம் முடிந்து அவர்கள் களைத்திருக்கும்போது இதைச் சொல்லுங்கள்: அதே கேப் டவுனில் குடிசைப் பகுதி மக்கள் பலர் வறட்சிக்கு முன்பிருந்தே பொதுக்குழாயில் வரிசையில் நின்று சொற்பத் தண்ணீரில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நகரம் முழுக்க அஞ்சிய அந்த நாள் அவர்களுக்குப் பழகிப்போன நாள்.

உலக அளவும் இந்த இடத்தில் பொருந்தும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி 2022-இல் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லை. வீட்டு வளாகத்தில் தண்ணீர் இல்லாத குடும்பங்களில், பத்தில் ஏழில், தண்ணீர் கொண்டுவருவது பெண்களின் பொறுப்பு. "ஏன் பெண்கள்?" என்று ஒரு மாணவன் கட்டாயம் கேட்பான். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "உங்கள் வீட்டில் தண்ணீர் நின்றுபோனால் யார் முதலில் எழுந்து போவார்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 4: ஒரு வரைபடம், ஒரு அடிபம்பு

சுகாதாரத்தையும் சமூகத்தையும் சேர்த்துச் சொல்ல, 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் நடந்ததைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் 31 இரவு காலரா பரவத் தொடங்கி, 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று அன்றைக்குப் பெரும்பாலோர் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் தண்ணீரை, அதிலும் அங்கே பிராட் தெருவில் இருந்த பொது அடிபம்பின் தண்ணீரைச் சந்தேகித்தார்.

கதையை முழுதாகச் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்கள் சிறு கறுப்புக் கோடுகளாகக் குறிக்கப்பட்ட அவருடைய வரைபடம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதை அச்செடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். கூடவே துண்டுச் சீட்டில் மூன்று துப்புகள். ஒன்று, பிராட் தெரு அடிபம்பின் அருகிலேயே இருந்த மதுபான ஆலையின் தொழிலாளர்கள் எழுபது பேருக்கு மேல், அவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. இரண்டு, பக்கத்து ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐந்து பேர்தான் இறந்தார்கள். மூன்று, பல மைல் தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி இறந்துபோனார்.

இருபது நிமிடம் விடுங்கள். மூன்றாவது துப்பில்தான் குழுக்கள் திணறும். பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய் அந்த மூதாட்டி தினமும் அதை வரவழைத்துக் குடித்தார் என்று கடைசியில் சொல்லும்போது வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் தெருப் பம்பில் தண்ணீர் குடிப்பதில்லை.

இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றியபோது நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. கைப்பிடி கழன்றதும் எல்லோரும் பிழைத்தார்கள் என்று முடிப்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல. அடுத்து, ஸ்னோவை நம்பாத உள்ளூர்ப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், அவர் சொல்வது தவறு என்று நிரூபிக்கத்தான் வீடு வீடாக ஏறி விசாரித்தார். விசாரித்து முடித்தபோது தானே மனம் மாறியிருந்தார். கிணற்றுக்கு மிக அருகில் இருந்த ஒரு கழிவுக் குழியையும், அதில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர் ஊற்றப்பட்டதையும் வெளியே கொண்டுவந்தது அவருடைய விசாரணைதான். அந்தத் தெருவில் கதவைத் தட்டிப் பேசத் தெரிந்த ஒருவர் இல்லாமல் அந்த வரைபடம் பாதியில் நின்றிருக்கும்.

படி 5: தலைமடையும் கடைமடையும்

முழுத் திட்டத்திலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

எட்டு மாணவர்களை வரிசையாக உட்கார வையுங்கள். அவர்கள் ஒரே வாய்க்காலில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள். முதல் ஆள் தலைமடை, எட்டாவது ஆள் கடைமடை. ஒரு பாத்திரத்தில் 40 கூழாங்கற்கள், ஒரு கல் ஒரு பங்கு தண்ணீர். விதிகள் எளியவை. 4 பங்கு பாய்ந்தால் ஒரு மூட்டை விளையும். 8 பாய்ந்தால் இரண்டு மூட்டை. நாலுக்குக் குறைந்தால் பயிர் கருகிவிடும், ஒன்றும் மிஞ்சாது. ஒருவர் அதிகபட்சம் 8 எடுக்கலாம். மற்ற மாணவர்கள் சுற்றி நின்று பார்த்துக் குறிப்பெடுக்கட்டும்.

முதல் சுற்றில் யாரும் பேசக்கூடாது. பாத்திரம் தலைமடையிலிருந்து கைமாறிப் போகட்டும். பெரும்பாலும் முதல் ஐந்து பேர் எட்டு எட்டாக எடுத்து 40-ஐயும் முடித்துவிடுவார்கள். கடைசி மூன்று பேரின் முகத்தைக் கவனியுங்கள். பிறகு மொத்த விளைச்சலைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பத்து மூட்டை. இந்த வாய்க்காலில் அதிகபட்சமாக விளையக்கூடியதே பத்து மூட்டைதான்! "அப்படியென்றால் இந்த வருடம் நல்ல விளைச்சல், சரிதானே?" என்று கேளுங்கள். அறிக்கையில் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. மூன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. மொத்தம் என்ற ஒரே எண்ணுக்குள் இவ்வளவும் மறைந்துகொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிவரப் பாடமும் எனக்குக் காட்டியதில்லை.

இரண்டாம் சுற்றுக்கு முன் ஐந்து நிமிடம் பேச விடுங்கள். ஆளுக்கு நாலு, மீதியை என்ன செய்வது என்று ஒரு ஒப்பந்தம் பிறக்கும். அதை அவர்களே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். யாராவது மீறுவார்கள். மீறினால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டிருப்பார்கள். அந்தச் சண்டையை உடனே தீர்த்து வைக்காதீர்கள்.

மூன்றாம் சுற்று, வறட்சி. பாத்திரத்தில் 24 கற்கள் மட்டும். உட்காரும் இடத்தையும் சீட்டுக் குலுக்கி மாற்றிவிடுங்கள். இப்போது நியாயமான வகுப்பு ஒன்று உடனே "ஆளுக்கு மூன்று" என்று சமமாகப் பிரிக்கும். எட்டுப் பயிரும் கருகிவிடும். அந்த அமைதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சமமாகப் பிரித்தோம், யாருக்கும் ஒன்றுமில்லை. 24-ஐ வைத்து ஆறு நிலத்தில்தான் பயிர் செய்ய முடியும். எந்த ஆறு? மற்ற இருவர் என்ன சாப்பிடுவார்கள்? சிலர் குலுக்கல் என்பார்கள், சிலர் முறை வைக்கலாம் என்பார்கள். ஆறு நிலத்தில் எல்லோரும் சேர்ந்து உழைத்து, விளைவதை எட்டாகப் பிரிக்கலாம் என்ற யோசனை சில வகுப்புகளில்தான் வரும். வந்தாலும் வராவிட்டாலும், ஆட்டம் முடிந்ததும் இலங்கையின் பெத்மா முறையைச் சொல்லுங்கள். குளத்தில் தண்ணீர் குறைந்த போகத்தில், குளத்துக்கு அருகில் உள்ள நிலத்தில் மட்டும் பயிர் செய்வது, அந்த நிலத்தை அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லா விவசாயிகளுக்கும் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுப்பது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முட்டி மோதிய கணக்கை விவசாயிகள் பல தலைமுறைகளுக்கு முன்பே தீர்த்து வைத்திருக்கிறார்கள்.

மீறுபவரை என்ன செய்வது என்ற சண்டைக்கு ஸ்பெயினின் வலென்சியா. அங்கே எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் வியாழக்கிழமைகளில் நண்பகலில் தேவாலய வாசலில் கூடித் தண்ணீர் வழக்குகளை விசாரிக்கிறார்கள். எல்லாம் வாய்மொழியாகவே, அங்கேயே தீர்ப்பு. வழக்கு எந்த வாய்க்காலைப் பற்றியதோ அதன் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். 2009-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு, பொதுவான வளங்களை மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று உலகெங்கும் உள்ள பாசன அமைப்புகளையும் மீன்வளங்களையும் ஆராய்ந்து காட்டிய எலினோர் ஆஸ்ட்ரோமுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ஆட்டம் ஆடி முடித்த மாணவர்களுக்கு அவர் சொன்னது புரிய ஐந்து நிமிடம் போதும். ஆடாதவர்களுக்கு ஒரு பருவமும் போதாது.

படி 6: தெளிந்திருந்தால் நல்ல தண்ணீரா?

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் வையுங்கள். ஒன்றில் கொஞ்சம் உப்பைக் கரைத்துவிடுங்கள். பார்த்துச் சொல்லச் சொன்னால் யாராலும் சொல்ல முடியாது. அங்கிருந்து வங்காளதேசத்துக்குப் போகலாம். குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற, 1970-களிலிருந்து அங்கே லட்சக்கணக்கில் அடிபம்புக் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. நல்ல எண்ணத்தோடு போட்ட கிணறுகள். 1990-களில்தான் பலவற்றின் நீரில் ஆர்சனிக் என்ற நச்சு இருப்பது தெரிந்தது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிறகு கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். "உங்கள் வீட்டுக் கிணறு சிவப்பு, பக்கத்து வீட்டுக் கிணறு பச்சை. இனி என்ன நடக்கும்?" இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம்.

பெரிய வகுப்பாக இருந்தால் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நகரின் தண்ணீர் ஆதாரத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. நிறமும் நாற்றமும் பற்றி மக்கள் மாதக்கணக்கில் புகார் சொன்னார்கள், தண்ணீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் பதில் சொன்னார்கள். 2015-இல் குழந்தைகள் மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைத் தரவுகளோடு காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. பணக்கார நாட்டில் இது நடக்காது என்று நினைக்கும் மாணவர்களுக்கு இது அவசியம்.

பள்ளியிலேயே தண்ணீர் சோதிக்க ஆசைப்பட்டால் பிஎச் தாள், கலங்கல் தன்மை இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோதித்த தண்ணீரை யாரும் குடிக்கக்கூடாது. கிடைத்த முடிவை வைத்து "இது பாதுகாப்பானது" என்று அறிவிக்கவும் கூடாது. அதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

படி 7: கழிப்பறையைப் பற்றிப் பேசுவது

பல ஆசிரியர்கள் தாண்டிப் போகும் இடம் இது. தாண்டாதீர்கள். 2022-இல் 350 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான சுகாதார வசதி இல்லை, அதாவது தண்ணீர் இல்லாதவர்களைவிட அதிகம். நவம்பர் 19-ஐ உலகக் கழிப்பறை தினமாக ஐ.நா. 2013-இல் அறிவித்தது இதை வாய் திறந்து பேசத்தான்.

குழாயிலிருந்து பின்னோக்கி நடந்ததுபோல், இப்போது கழிப்பறையிலிருந்து முன்னோக்கி நடங்கள். எங்கே போகிறது, நிறைந்தால் யார் எடுக்கிறார்கள், அவருக்குக் கையுறை உண்டா, அங்கிருந்து எந்த நீர்நிலையில் கலக்கிறது? அப்புறம் ஒரு பெயரில்லாக் கேள்வித்தாள். பள்ளிக் கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறீர்களா? எந்தக் குழாயில் தண்ணீர் வராது? தாழ்ப்பாள் இருக்கிறதா? மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கு வருவதில் சிரமம் உண்டா என்பதைப் பெண் பிள்ளைகளிடம் ஒரு பெண் ஆசிரியர் தனியாகக் கேட்கட்டும். முதல் கேள்விக்கு வரும் "ஆம்"களின் எண்ணிக்கை உங்களைத் தூங்க விடாது. அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு "தண்ணீரைச் சேமியுங்கள்" என்று அந்தப் பிள்ளைகளிடமே என்னால் சொல்ல முடியவில்லை. போதுமான அளவு குடிக்கவே குடிக்காத பிள்ளைகள் அவர்கள்.

படி 8: மறைநீர்

உலகில் ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. ஆகவே நாம் தொட்டுப் பார்க்காத தண்ணீர்தான் அதிகம். ஒரு பொருளை உருவாக்கச் செலவான தண்ணீரை மறைநீர் என்கிறோம். இந்தக் கருத்தை முன்வைத்த டோனி ஆலனுக்கு 2008-இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருது கிடைத்தது. ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர்.

எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அந்த 2,500 லிட்டர் மழையாக வயலில் விழுந்ததா, ஆற்றிலிருந்து எடுத்ததா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மத்திய ஆசியாவின் ஆரல் கடலின் செயற்கைக்கோள் படங்களை 1970-களிலிருந்து வரிசையாகக் காட்டுங்கள். பருத்திப் பாசனத்துக்காக 1960-களிலிருந்து அமு தரியா, சிர் தரியா ஆறுகளைத் திருப்பிவிட்டதில், உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது வற்றிப்போனது. மீன்பிடிப் படகுகள் மணலில் துருப்பிடித்து நின்றன. 2005-இல் கட்டிய கோக் ஆரல் அணைக்குப் பிறகு வடக்குப் பகுதியில் மட்டும் தண்ணீரும் மீனும் ஓரளவு திரும்பின. இதையும் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் கையாலாகாத துக்கத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

படி 9: விசாரணைக் கூட்டம்

ஒரு கற்பனை ஊர். புதிய தொழிற்சாலை நிலத்தடி நீர் எடுக்க அனுமதி கேட்கிறது. 300 பேருக்கு வேலை கிடைக்கும். விவசாயி, வேலை தேடும் இளைஞர், தொழிற்சாலை மேலாளர், நீர்ப் பொறியாளர், வாடகை வீட்டில் இருப்பவர், தலைவர் என்று பாத்திரங்களைப் பிரித்துக் கொடுங்கள். தன் சொந்தக் கருத்துக்கு எதிரான பாத்திரத்தை ஏற்பவர்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார், ஆகவே யாருக்கு எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு கேள்வியைக் கூடுதலாக வைக்கலாம்: தண்ணீர் உரிமையா, விலையுள்ள பொருளா? 1992-இல் டப்ளின் நகரில் நடந்த சர்வதேசத் தண்ணீர் மாநாட்டின் அறிக்கை தண்ணீருக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்றது. 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை தண்ணீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமையாக ஏற்றது. 122 நாடுகள் ஆதரித்தன, 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஒதுங்கியவர்கள் ஏன் ஒதுங்கியிருப்பார்கள் என்று விவாதிக்கட்டும். தீர்ப்பு நீங்கள் சொல்ல வேண்டாம்.

படி 10: ஒன்றை மட்டும் மாற்றுவது

மாணவர்கள் பத்து திட்டங்கள் சொல்வார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு இரண்டு நிபந்தனைகள்: முன்னும் பின்னும் அளக்க முடிய வேண்டும், முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்று தெரிந்திருக்க வேண்டும். சொட்டும் குழாய், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, கடைசி மணிக்குள் தீர்ந்துபோகும் தொட்டி, இவை போதும். அதிகாரம் உள்ளவருக்கு மாணவர்களே கடிதம் எழுதட்டும். கடிதத்தில் அளவு, தேதி, கோரிக்கை மூன்றும் இருக்க வேண்டும். "5 நிமிடத்தில் 50 மில்லி" என்று எழுதிய கடிதத்தைத் தள்ளி வைப்பது யாருக்கும் கடினம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து நினைவூட்டல் கடிதம். வந்த பதிலையும் வராத பதிலையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

மதிப்பெண்ணும் குறிப்பேடும்

தேர்வு வைக்க வேண்டாம். கடைசிப் பாடவேளையில் மறுபடியும் ஒரு வெள்ளைத்தாள், முதல் நாள் கேட்ட அதே கேள்வி. முடித்ததும் உறையிலிருந்து பழைய படத்தை எடுத்துக் கொடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே ஒரு பக்கம் எழுதட்டும். படத்தில் எத்தனை மனிதர்கள் புதிதாக வந்திருக்கிறார்கள், முடிவெடுக்கும் இடங்கள் எத்தனை, கழிவுநீர்ப் பாதை இருக்கிறதா, தண்ணீர் சேராத வீடு ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடலாம். ஓவியத் திறமைக்கு மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மீட்டர் குறித்த நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த வகுப்பிலிருந்து இரண்டு பேரை அழைத்து, காலையில் எங்கே நின்று எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், மாலையில் யாரிடம் சாவி வாங்க வேண்டும் என்று பழைய பிள்ளைகளே காட்டிக் கொடுக்கட்டும். புது வருடத்தின் முதல் அளவை அந்த நோட்டின் அடுத்த வரியிலேயே எழுதலாம்.